பதினோரு கேட்

வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு
அறுபத்திரண்டு கிலோமீட்டர், பதினோரு கேட்.
பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான்
இறங்கித் திறக்க வேண்டும்.
குவின்ஸ்லாந்தின் இந்தச் செம்மண்ணில் அதுதான் சட்டம்.
நான்கு வயதில் மெரின் அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள்.
கொக்கி எட்டவில்லை. ஒரு கல்லை உருட்டி வந்து
ஏறி நின்றாள். இன்னும் கிடக்கிறது அந்தக் கல்
மூன்றாம் கேட்டின் காலடியில்.

பள்ளி அனுப்பிய பட்டியல் ஏழு பக்கம்.
காலுறைக்குக்கூடப் பெயர் தைக்க வேண்டுமாம்.
ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்
மெ. ட்ரெலோர், மெ. ட்ரெலோர் என்று
எண்பத்தாறு முறை தைத்தேன்.
கைக்குட்டைக்கு வரும்போது ஊசி விரலில் ஏறியது.
அழுவதற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

காளை விற்ற ரசீதின் பின்பக்கம் கிளென் கணக்குப் போட்டான்:
ஒரு வருஷப் படிப்புக்கு முப்பத்தெட்டு கன்று.
மழை பொய்த்தால் ஐம்பது.
"எனக்காக எதெல்லாம் போகுது?" என்றாள் மெரின்.
நாங்கள் சொல்லவில்லை.
மறுநாள் அவளே பட்டியில் நின்று எண்ணிவிட்டு வந்து
வெள்ளை நெற்றிக்காரனை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

ஏழு வருஷம் நான்தான் அவளுக்கு வாத்தியார்.
செயற்கைக்கோள் வழியே எங்கிருந்தோ ஒரு குரல் பாடம் நடத்தும்;
பின்னங்களோடு மல்லுக்கட்டியது நாங்கள் இருவரும்.
கோபத்தில் ஒருமுறை அழிரப்பரை வீசியிருக்கிறேன்.
மணி அடிக்க ஒரு பழைய கலப்பைத் தகடு.
ஒரே ஒரு பிள்ளைக்கு மணி எதற்கென்று கிளென் சிரிப்பான்.
"அப்புறம் நான் லேட்டா வந்தது எப்படித் தெரியும்?" என்பாள்.

புறப்பட்ட அன்று கிளென் வரவில்லை.
குட்டைச் சேற்றில் ஒரு பசு சிக்கியிருந்தது.
பசு பொய்யில்லை.
ஆனால் அதை இழுத்துப்போட அரைமணி போதுமென்று
மூன்று பேருக்கும் தெரியும்.

பத்து கேட்டும் வழக்கம்போல.
பதினோராவதை மூடிவிட்டு அவள் உடனே ஏறவில்லை.
கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.
"இது தளர்ந்திருக்கு. அப்பாகிட்ட சொல்லு."

தொள்ளாயிரம் கிலோமீட்டர்.
விடுதி ஜன்னலுக்கு வெளியே அப்படியொரு பச்சை.
எந்த வாயும் படாத புல்.
"எவ்வளவு தீவனம் வீணாகுது" என்றாள்.
மைதானத்தின் அந்தப் பக்கம் சேக்காளிகளோடு நின்ற ரோரி
கையைப் பாதி தூக்கி, இறக்கிக்கொண்டான்.
சீக்கிரம் கிளம்பினால் எல்லாருக்கும் நல்லது
என்றார் விடுதிப் பொறுப்பாளர்.
கிளம்பினேன். யாருக்கு நல்லதாயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம், பதினோராம் கேட்.
வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
நிஜமாகவே காத்திருந்தேன்,
இடப்பக்கக் கதவு திறக்கும் சத்தத்துக்காக.
எஞ்சின் சூடேறும்வரை உறைக்கவில்லை.
இருக்கையில் அவளுடைய தோல் கையுறை கிடந்தது.
மறந்துவிட்டாளா, விட்டுவிட்டுப் போனாளா?
என் விரல்கள் பாதிக்கு மேல் நுழையவில்லை.
சங்கிலி கொதித்தது.

இறங்கு, திற, ஏறு, கடத்து,
இறங்கு, மூடு, ஏறு.
ஒரு கேட்டுக்கு இத்தனை வினைச்சொற்கள் இருப்பதே
எனக்கு அதுவரை தெரியாது.
ஆறாம் கேட்டில் யாருக்கோ கேட்கட்டுமென்று
சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
இரண்டு கங்காருக்கள் காதைத் திருப்பின.

இருட்டியபின் இரண்டாம் கேட்.
திறந்து கிடந்தது. இங்கே அது குற்றம்.
எந்த மடையன் என்று விளக்கைக் கூட்டினேன்.
கம்பியைப் பிடித்தபடி கிளென் நின்றிருந்தான்,
முழங்கால்வரை காய்ந்த சேறு. நேற்றையதாக இருக்கலாம்.
நான் கடந்ததும் மூடினான்.
ஏறி உட்கார்ந்தான், கையுறையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு.

"பதினொன்றாவது தளர்ந்திருக்காம்" என்றேன்.

"தெரியும்" என்றான்.
"ரோரி போன அன்னைக்கே சொன்னான்."